நீ அந்தப் பூவுக்கு வைக்க நினைத்த பேர்

கோமு, என் ஒரே தங்கச்சியே,

நீ இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. "லெட்டர் கைக்கு அண்ணா? போன் இருக்குல்ல" என்பாய், 'எதற்கு' என்பதை நம் ஊர் உருதுவில். போன் இருக்கத்தான் இருந்தது. அந்தப் போனில் நான் உன்னோடு என்ன லட்சணத்தில் பேசினேன் என்பதைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் போடப்போகிறேன். என்னைத் திட்ட நீ இல்லை. படிக்கிறவர்களாவது திட்டட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. அம்மா இருக்கிறாள். முழங்காலுக்கு ரெண்டு ஊசி போட்டாயிற்று, ஆனாலும் மாரேட்பள்ளி வீட்டை விட்டு என் ஃப்ளாட்டுக்கு வரமாட்டேன் என்கிற பிடிவாதம் அப்படியே இருக்கிறது. என் பெண் நிதிக்கு எட்டு வயதாகிறது. தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள். நான் ஜீடிமெட்லாவில் அதே மருந்துக் கம்பெனியில், அதே லேபில், மாத்திரையைக் கரைத்துச் சோதித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தலையில் முடி பாதி போய்விட்டது. நீ இருந்திருந்தால் அதற்கே ஒரு வாரம் ஓட்டியிருப்பாய்.

அப்புறம், உன் பூ அச்சில் வந்துவிட்டது. நீ பாதியில் விட்டுப்போன கட்டுரையை உன் கூட வேலை பார்த்த மார்த்தா முடித்து, உன் பேரை முதலில் போட்டு அனுப்பி, அது போன மாதம் வெளியாகிவிட்டது. பூவுக்குப் பேரும் வைத்தாயிற்று. உன் பேர்தான். கோமதிக்கு ஒரு லத்தீன் வாலை ஒட்டி அந்தச் செடிக்கு வைத்திருக்கிறார்கள். தனக்குத்தானே அப்படி வைத்துக்கொள்வது உங்கள் ஆட்களிடம் மரியாதை இல்லையாமே, அதனால் பேர் வைத்தது மட்டும் மார்த்தா என்று தனியாகப் போட்டிருக்கிறது.

உனக்கு இது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சரி என்று சொன்னேன்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் தங்கை கோமதி ஹைதராபாதில் தாவரவியல் படித்து, ஸ்பெயின் நாட்டின் தெற்குக் கடற்கரைக்கு ஆராய்ச்சிக்குப் போனவள். அங்கே மணல்மேடுகளில் முளைக்கிற சின்னச் சின்னச் செடிகள்தான் அவள் வேலை. ஒரு மார்ச் மாதம் மத்தியான வேளையில் போன் பண்ணினாள். மணலில் குப்புறப் படுத்துக்கொண்டுதான் பேசினாளாம்.

"அண்ணா, இங்க ஒண்ணு இருக்கு. விரல் உசரம்தான். நம்ம நர்சரியில டாக் ஃப்ளவர்னு விப்பாங்கல்ல, அதுக்குத் தூரத்துச் சொந்தம். ஊதாப் பூ, வாயில மட்டும் மஞ்சள். இலையெல்லாம் பிசுபிசுன்னு மணல் ஒட்டிட்டிருக்கு, ரவையில புரட்டின கத்திரிக்கா மாதிரி. இதை இதுவரைக்கும் யாரும் கணக்குல எடுக்கலேன்னு நினைக்கிறேன்" என்றாய்.

நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "மருந்துக்கு ஆகுமா?"

"எதுக்கும் ஆகாது. இருக்கு, அவ்வளவுதான்" என்று சிரித்தாய்.

புதுச் செடி என்று சொல்லிவிட்டால் மட்டும் போதாது என்று அன்றைக்கு நீ விளக்கினாய். குளிர்கால மழைக்கு முளைத்து, மார்ச்சில் பூத்து, மே மாதம் விதை போட்டுக் காய்ந்துவிடும். மறுபடி அடுத்த வருஷம்தான். அந்த விதையைச் சரியான பத்து நாளுக்குள் எடுத்து, லென்ஸில் வைத்து, அதன் மேல் இருக்கிற வரிகளைப் பார்த்தால்தான் இது வேறு, அது வேறு என்று உங்கள் ஆட்கள் ஒப்புக்கொள்வார்கள். நான் உம் கொட்டினேன். அந்தப் பத்து நாள் எதில் வந்து விழப்போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மே மாதத்தில்தான் என் ஃப்ளாட் கிரகப்பிரவேசம். "வைகாசி கடைசில வெச்சுக்கோ அண்ணா, விதை எடுத்துட்டு ஓடி வந்துடறேன்" என்று கெஞ்சினாய். ஜூனில் எங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் என்று எனக்கு ஒரு சாக்கு. வீட்டுப் பெண் விளக்கோடு முதலில் உள்ளே வரவேண்டும், ஒரே தங்கச்சி இல்லாமல் என்ன கிரகப்பிரவேசம் என்று குதித்தேன். "காட்டுச் செடி அடுத்த வருஷமும் முளைக்கும்டி, நான் இன்னொரு வீடா வாங்கப்போறேன்" என்றேன். வந்துவிட்டாய்.

ஹோமத்தின்போது நீ நாலு தடவை போனை எடுத்துப் பார்த்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லார் முன்னாலும் "அந்தக் கருமத்தைக் கொஞ்சம் உள்ள வையேன்" என்று கத்தினேன். நீ உள்ளே வைத்துவிட்டு விளக்கைத் தூண்டிவிட்டாய். அந்தக் கடற்கரையில் வெயில் எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதைப் பிறகு உன் அண்ணி சுதாதான் சொன்னாள். வெயில் ஏறினால் காய் வெடித்து விதை மணலில் கொட்டிவிடுமாம். நீ திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றுகூட மிச்சமில்லை. என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு வருஷம் அப்படியே போயிற்று.

கிரகப்பிரவேசம் முடிந்த சாயங்காலம், சாமான் வராத ரூமில் தரையில் படுத்துக்கொண்டு நீ பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பேர் வைக்கிற பேச்சு வந்தது. அம்மா பேரை வையேன் என்றேன். "நக்கோ அண்ணா, வேண்டாம். மனுஷங்க பேரை அது தலையில கட்டக்கூடாது. அது என்ன தப்பு பண்ணுச்சு? பேரைக் கேட்டா அது எப்படி இருக்கும், எங்க இருக்கும்னு ஒருத்தனுக்குத் தெரியணும்" என்றாய். செத்துப்போன பேராசிரியர்களின் பேரை முதுகில் சுமக்கிற செடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பாவப்பட்டாய். முதலில் அச்சாகிற பேர்தான் கடைசிவரைக்கும் என்றும், பொருந்தவில்லை, பிடிக்கவில்லை என்று பின்னால் யாரும் மாற்ற முடியாது என்றும் சொன்னாய். அதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டேன். கேட்க வேண்டிய அன்றைக்குத்தான் கேட்கவில்லை.

மறுவருஷம் மே மாதம் விதை கிடைத்துவிட்டது. ஜூன் மாதம் ஒருநாள் சாயங்காலம் நீ கூப்பிட்டாய். நான் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து, லேப்டாப்பில் இன்ஸ்பெக்‌ஷன்காரர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். காதில் இயர்போன். "அண்ணா, பேர் முடிவு பண்ணிட்டேன். உனக்குத்தான் முதல்ல சொல்றேன்" என்று நீ ஆரம்பித்தது வரை காதில் விழுந்தது. அதற்கப்புறம் ஐந்தாறு நிமிஷம் பேசினாய். குரல் துள்ளிக்கொண்டு இருந்தது. நீ மூச்சு விடுகிற இடமாகப் பார்த்து நான் ஆமாம் போடுகிற மாதிரி ஹவ், ஹவ் என்று போட்டுக்கொண்டே டைப் அடித்தேன். நடுவில் என்னவோ கேட்டாய், நானும் என்னவோ சொன்னேன். "சரி அண்ணா, வெச்சுடறேன்" என்றாய். போன் கட்டான பிறகுதான், அடடா, பேர் என்னவென்றே தெரியவில்லையே என்று உறைத்தது.

உடனே திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். "கழுதை, கவனிக்கலடி, இன்னொரு தரம் சொல்லு" என்றால் ரெண்டு திட்டு திட்டிவிட்டுச் சொல்லியிருப்பாய். அந்த ரெண்டு திட்டுக்குப் பயந்தேனா, கிரகப்பிரவேசத்தில் உன் ஒரு வருஷத்தைத் தின்றவன் இதையும் கேட்காமல் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள முகம் இல்லையா, எனக்கே தெரியவில்லை. கட்டுரை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறமும் எத்தனை தடவை பேசினோம். செப்டம்பரில் நீயே எடுத்தாய். "அண்ணா, அந்தப் பேர் விஷயம்..." என்று இழுத்தாய். எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று "அதெல்லாம் நீ பார்த்துச் செஞ்சா சரிதான்டி" என்று சொல்லி அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அம்மாவோடு நீ ரசப்பொடி பற்றிப் பேசினாய்.

அக்டோபரில் காய்ச்சல் என்று படுத்தாய். பதினோரு நாள். மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். நானும் சுதாவும் விசாவுக்கு அலைந்துகொண்டிருந்தபோதே முடிந்துபோயிற்று. உன்னை இங்கே கொண்டுவந்து சேர்த்தோம். அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

ஜனவரியில் மார்த்தாவின் மெயில் வந்தது. கட்டுரையை முடிக்கப்போகிறேன், பேர் மட்டும் பாக்கி, கடைசியாகக் கேட்டபோது இன்னும் யோசிப்பதாகச் சொன்னாள், வீட்டில் யாரிடமாவது எதாவது பேர் சொன்னாளா, சொல்லியிருந்தால் அதையே வைக்கலாம், இல்லையென்றால் அவள் பேரையே வைக்க விரும்புகிறோம், குடும்பத்துக்குச் சம்மதமா என்று எழுதியிருந்தாள். மரியாதையான மெயில். ரெண்டு நாள் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். சொன்னாள், ஆனால் நான் கேட்கவில்லை என்று எழுத வேண்டியதுதானே? எழுதவில்லை. "எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் பேரை வைப்பதில் எங்களுக்குப் பெருமை" என்று அனுப்பினேன். பொய், கோமு. உன் விஷயத்தில், நீ போய் மூன்று மாதம்கூட ஆகாதபோது, வாய் கூசாமல் ஒரு பொய்.

எங்கள் லேபில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுவோம். தப்பும் தெரியும், திருத்தமும் தெரியும், யார் செய்தது என்றும் தெரியும். இருபது வருஷமாக இதைத்தான் எல்லாருக்கும் பாடம் எடுக்கிறேன். உன் பூவின் பேரில் அப்படிக் கோடு போட இடமே கிடையாது என்று தெரிந்துதான் அந்த மெயிலை அனுப்பினேன்.

கட்டுரையின் முதல் பக்கத்தை அம்மா பிரேம் போட்டு, உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், எதிர்வீட்டு ரெட்டிகாரு என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். நிதி பள்ளிக்கூடத்தில் "மா அத்த பேரு புவ்வுகி பெட்டாரு", எங்கள் அத்தை பேரைப் பூவுக்கு வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவந்தாள். வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேலாக யாரும் உன் பேரைச் சத்தமாகச் சொன்னதில்லை. இப்போது பூவைச் சாக்கு வைத்து ஆளாளுக்குச் சொல்கிறோம். சரி, நல்லதுதானே நடந்திருக்கிறது, இப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

போன மாதக் கடைசியில் உன் சாமான்கள் பார்சலில் வந்தன. ஒரு ஸ்வெட்டர், கயிறு கட்டின லென்ஸ், நாலு நோட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை மாரேட்பள்ளி வீட்டில் பிரித்தோம். நோட்டெல்லாம் இங்கிலீஷில்தான் இருந்தது. அங்கங்கே, மற்றவர்கள் படிக்கக்கூடாது என்று நினைத்த வரிகளை மட்டும் தமிழில் எழுதியிருந்தாய். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரிகளை மட்டும் தேடித் தேடிப் படித்தாள். மார்த்தா காபியில் சர்க்கரை போடாமல் கொடுக்கிறாள் என்று ஒரு இடம். அம்மா சிரித்தாள். அப்புறம் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

"ரகு, இங்க பாரு. 'பேர் முடிவாயிடுச்சு. அண்ணாகிட்ட சொல்லியாச்சு.' ஜூன் மாசம் போட்டிருக்கா." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உங்கிட்ட என்ன பேர்டா சொன்னா?"

மறந்துபோச்சும்மா என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது, கோமு. மறைக்காமல் எழுதுகிறேன், தோன்றியது. அம்மாவின் விரல் உன் எழுத்தின் மேலேயே இருந்தது. சொல்லிவிட்டேன். கேன்டீன், இயர்போன், மார்த்தாவுக்கு அனுப்பின பொய், எல்லாம்.

அம்மா அழவில்லை. "சரி, அன்னிக்குக் கேக்கல. வேலை. மறுநாள் கேட்டிருக்கலாம்ல?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

"நாலு மாசம் இருந்தாளேடா. நாலு மாசமும் வெக்கமா?" என்றாள். நோட்டை மூடிவிட்டு, "அவளுக்கு மூக்குச் சிந்திவிட்டவன் நீ. அவகிட்டயா உனக்கு வெக்கம்?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கிளம்புகிறவரை அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்னிடம் பேசாமல் இருந்து பார்த்ததே இல்லை.

மார்த்தாவுக்கு உண்மையை எழுத மூன்று நாள் ஆயிற்று. நாலு வரிதான். அவள் சொன்னாள், நான் கவனிக்கவில்லை, உங்களிடம் பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள். அச்சில் வந்தது மாறாது என்று தெரியும், ஆனாலும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று முடித்தேன். உள்ளுக்குள் ஒரு நப்பாசை, நாலு நோட்டிலும் இல்லாத அந்தப் பேர் உன்னிடமிருந்து அவளுக்காவது தெரிந்திருக்கும் என்று.

நேற்று பதில் வந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அந்தப் பேரைக் கோமதி என்னிடம்கூடச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாள். அண்ணன் முதலில் கேட்கட்டும், அப்புறம்தான் உனக்கு என்று நீ அவளிடம் சொன்னாயாம். மறுநாள் காலையில் இவள் ஆவலாகக் கேட்டிருக்கிறாள். நீ சிரித்துக்கொண்டே, "என் அண்ணாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, வேறு யோசிக்கிறேன்" என்றாயாம். ஒவ்வொரு வாரமும் கேட்டாளாம். யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாயாம்.

பிடிக்கவில்லை என்று யாருடி சொன்னது?

நீ நடுவில் என்ன கேட்டாய், நான் என்ன சொல்லித் தொலைத்தேன்? நேற்றிலிருந்து எத்தனை தடவை அந்தக் கேன்டீன் நாற்காலியில் போய் உட்கார்ந்து யோசித்துப் பார்த்துவிட்டேன், ஒன்றும் வரவில்லை. செப்டம்பரில் "அந்தப் பேர் விஷயம்" என்று இழுத்தாயே, பிடிக்கலையா அண்ணா என்று கேட்கத்தானா? அதையும் கேட்கவிடாமல் அம்மாவிடம் போனைக் கொடுத்தேனே. நல்ல பேர்தான் வைத்திருப்பாய். மணலோ, பிசுபிசுப்போ, அந்த மஞ்சள் வாயோ, எதையாவது பிடித்து ஒரு பேர். என் வாயிலிருந்து விழுந்த எதையோ நம்பி அதைத் தூக்கிப் போட்டுவிட்டாய். உலகத்தில் வேறு யார் பேச்சையும் நீ இவ்வளவு மதித்ததில்லையே, கோமு. பேராசிரியர்களோடெல்லாம் சண்டை போட்டவள். போயும் போயும் என் பேச்சையா?

எனக்கு உன்மேல் கோபம்கூட வருகிறது. கூப்பிட்டுக் கத்தியிருக்கலாம், "ஏன்டா பிடிக்கல" என்று. இதையெல்லாம் எங்கே போய்ச் சொல்ல? அந்தப் பூவை எனக்குப் பிடிக்கும்டி. நீ அனுப்பின படத்தை இன்னும் போனில் வைத்திருக்கிறேன். அதில் உன் கட்டைவிரல் நகம் அந்தப் பூவைவிடப் பெரிசாக இருக்கிறது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. மாரேட்பள்ளிக்குப் போய், மார்த்தா எழுதினதை வரி விடாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். கேன்டீனில் நான் கவனிக்காமல் இருந்ததும், மார்த்தாவிடம் பொய் சொன்னதும்தான் அவளுக்குத் தெரியும். நான் கவனிக்காததை நீ எப்படி எடுத்துக்கொண்டாய் என்பது தெரியாது. தெரிந்தால் என்னோடு இன்னும் எத்தனை நாள் பேசமாட்டாளோ. இருந்தாலும் சொல்லிவிடுவேன், பாதியை விழுங்காமல் முழுசாகச் சொல்லிவிடுவேன். நிதி பெரியவளானதும் அவளிடமும் சொல்வேன், அத்தை பேர் அந்தப் பூவுக்கு எப்படி வந்தது என்று. இது உனக்கு நான் செய்கிற சத்தியம்.

உனக்குப் பிறகு யாருக்கும் அண்ணனாக இல்லாத
ரகு